பத்து நாள் எலும்பு

பிறந்த குழந்தைக்கு எலும்பு முறிவு என்று தெரிந்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி, “யாரு பிடிச்சா?” என்பதுதான். எந்த எலும்பு, எப்போது முறிந்தது, ஏன் முறிந்தது என்பதெல்லாம் அப்புறம்தான் வரும். சில வீடுகளில் வராமலே போய்விடும். லேபர் வார்டில் இழுத்திருப்பார்கள், குளிப்பாட்ட வந்த பாட்டி அழுத்தி உருவியிருப்பார், மருமகளுக்குப் பிள்ளையைத் தூக்கத் தெரியவில்லை, மூத்த பயல் மேலே விழுந்திருப்பான். ஆளுக்கொரு குற்றவாளி தயாராக இருப்பார். குழந்தை மட்டும் ஒரு கையை அசைக்காமல் படுத்திருக்கும்.

நான் ஓர் அரசு மருத்துவமனையில் ரேடியோகிராபர். அதாவது எக்ஸ்ரே எடுக்கிறவள். வருகிறவர்கள் என்னையும் ‘சிஸ்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள், திருத்துவதை விட்டுவிட்டேன். நோய் இன்னதென்று சொல்வது என் வேலை இல்லை. அதற்கு டாக்டர்கள் இருக்கிறார்கள். ஆனால் படத்தை முதலில் பார்ப்பதும், அந்தக் குடும்பம் அறைக்குள் ஒருவரை ஒருவர் குத்திக்காட்டிப் பேசுவதை முதலில் கேட்பதும் நான்தான். இத்தனை வருடத்தில் எனக்கு உறுதியாகிவிட்ட ஒரு விஷயம் உண்டு. ‘யார்’ என்று கேட்பதற்கு முன் ‘எப்போது’ என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் எலும்பே பதில் வைத்திருக்கும்.

பச்சைக் குழந்தையைப் படம் எடுப்பது தனி வேலை. “மூச்சை இழுத்துப் பிடிங்க” என்று சொல்ல முடியாது. பால் குடித்துவிட்டு அரைத்தூக்கத்தில் இருக்கும் நேரம் பார்த்து எடுக்க வேண்டும். படம் பதியும் தட்டை கேசட் என்போம், அது சில்லென்று இருக்கும். மேலே துணி விரிக்காமல் படுக்க வைத்தால் வீறிட்டு மொத்த உடம்பையும் முறுக்கும், படம் கெட்டுவிடும். சட்டையை அவிழ்த்தால் உள்ளே இருந்து சாமான்கள் ஒவ்வொன்றாக வரும். அரைஞாண் கயிறு, அதில் கோத்த வெள்ளித் தாயத்து, வசம்பு வளையல், கருப்பு வளையல், கால் தண்டை, கழுத்தில் மந்திரித்த கயிறு. உலோகமெல்லாம் படத்தில் பளீரென்று வெள்ளையாக விழும். அதுவும் நாம் எந்த இடத்தைப் பார்க்க வேண்டுமோ சரியாக அந்த இடத்தில் விழும். கழற்றுங்கள் என்றால் அம்மா பாட்டியைப் பார்ப்பார். பாட்டி என்னைப் பார்ப்பார். “ரெண்டே நிமிஷம் பாட்டி, எடுத்ததும் நானே கட்டி விடறேன்” என்று சொல்லித்தான் கழற்றுவேன். ஈய ஏப்ரனை மாட்டிக்கொண்டு யாராவது ஒருவர் பிள்ளையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த நேரத்தில் தவறாமல் ஒரு கேள்வி வரும்: “எக்ஸ்ரே பட்டா புள்ளைக்கு ஒன்னும் ஆவாதேம்மா?” ஆகாது. நெஞ்சுப் படம் ஒன்று எடுத்தால் படும் கதிர், நாம் எல்லோரும் மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் சில நாட்களில் தானாகவே வாங்கிக்கொள்ளும் அளவுதான். தேவையில்லாமல் எடுக்கக் கூடாது. தேவையென்றால் பயந்து விடவும் கூடாது.

பிரசவத்தில் முறியும் எலும்புகளில் முதலிடம் காறை எலும்புக்கு. கழுத்துக்குக் கீழே, தோள்பட்டையையும் நெஞ்செலும்பையும் இணைக்கும் அந்த ஒல்லி எலும்புதான். கருவில் முதன்முதலில் எலும்பாக மாறத் தொடங்குவது இதுதான். ஐந்தாறு வாரக் கருவிலேயே ஆரம்பித்துவிடும். பிறக்கும்போது முதலில் அடிபடுவதும் இதுவே என்பது கொஞ்சம் அநியாயம். தலை வெளியே வந்த பிறகு தோள் அம்மாவின் இடுப்பெலும்பில் சிக்கிக்கொள்வது உண்டு. அப்போது பிள்ளையை வெளியே எடுக்க இருப்பது சில நிமிடங்கள்தான். அந்த நெருக்கடியில் காறை எலும்பு முறிந்தால் தோள் சுருங்கி வழி கிடைக்கும். வேறு எதுவும் பலிக்காத நிலையில் அதை வேண்டுமென்றே முறித்துப் பிள்ளையை எடுப்பது மகப்பேறு மருத்துவத்தில் கடைசி வழிகளில் ஒன்றாகவே இருக்கிறது. எலும்பு கூடிவிடும், மூச்சில்லாமல் போன மூளை திரும்பாது.

நாலு கிலோவைத் தாண்டிய பிள்ளை, கர்ப்பத்தில் சர்க்கரை இருந்த அம்மா, ஆயுதம் போட்டோ வேக்குவம் வைத்தோ எடுத்த பிரசவம் என்றால் வாய்ப்பு கூடும். நம்மூரில் கர்ப்பிணிகளுக்குக் குளுக்கோஸ் கரைசல் குடிக்கக் கொடுத்து இரண்டு மணி நேரம் உட்கார வைத்து ரத்தம் எடுக்கிறார்களே, அதற்குப் பின்னால் இந்தத் தோள் கணக்கும் இருக்கிறது. இருந்தாலும் இவை எதுவுமே இல்லாத, மூன்று கிலோகூட எட்டாத, சுகப்பிரசவப் பிள்ளைக்கும் காறை எலும்பு முறியும். ஆய்வுக்கு ஆய்வு எண்ணிக்கை மாறினாலும், நூறு பிரசவத்துக்கு ஒன்று என்ற அளவில் வைத்துக்கொள்ளலாம். யாரும் முரட்டுத்தனமாக நடந்துகொள்ளாமலே நடப்பது இது.

முறிந்த அன்றே தெரிந்துவிட்டால் சரி. பல சமயம் தெரியாது. பிள்ளை பால் குடிக்கும், தூங்கும், அழும். வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஒரு வாரம், பத்து நாள் கழித்து எண்ணெய் தேய்க்கும்போது கைக்கு ஒரு கட்டி தட்டுப்படும்.

அப்படி ஒரு குடும்பம் வந்தது. பெண் குழந்தை, பிறந்து இரண்டு வாரம் இருக்கும். வலது கழுத்தோரம் கொட்டைப்பாக்கு அளவில் ஒரு வீக்கம், தொட்டால் கெட்டியாக இருந்தது. கட்டி என்றதும் அப்பாவின் முகத்தில் புற்றுநோய் பயம். அம்மாவின் தாயார்தான் பிள்ளையைக் குளிப்பாட்டியவர். சம்பந்தி அம்மா ஜாடை பேசிக்கொண்டே இருந்தார்: “பழக்கம் இல்லாதவங்க கையில குடுக்கக் கூடாதுன்னு அப்பவே சொன்னேன். யாரு கேக்குறா?” குளிப்பாட்டிய பாட்டி வாயே திறக்கவில்லை, ஈய ஏப்ரனைத் தானே வாங்கி மாட்டிக்கொண்டு பிள்ளையின் தலையைப் பிடித்துக்கொண்டார். படம் திரையில் வந்தது. காறை எலும்பின் நடுவில் ஒரு முறிவுக் கோடு. அதைச் சுற்றிப் புது எலும்பு, பஞ்சை உருட்டி வைத்தது மாதிரி. பெரியவர்களுக்கு இவ்வளவு புது எலும்பு தெரிய வாரக்கணக்கில் ஆகும். பச்சைக் குழந்தைக்கு ஏழு நாளில் தொடங்கிப் பத்து நாளில் தெளிவாகத் தெரியும். இரண்டு வாரத்தில் இத்தனை திரண்டிருக்கிறதென்றால் முறிவு பிரசவ நேரத்தோடு பொருந்துகிறது. முந்தாநாள் குளிப்பாட்டலோடு பொருந்தவில்லை. குழந்தைகள் டாக்டர் இதை அந்தச் சம்பந்தி அம்மாவுக்குக் கேட்கும்படியாகவே சொன்னார். அவர், “அப்ப டாக்டருங்கதான் முறிச்சிருக்காங்க” என்றார் உடனே. ‘யார்’ என்ற கேள்வி அவ்வளவு சுலபத்தில் ஓய்வதில்லை.

சிகிச்சை? ஒன்றும் இல்லை என்பதுதான் உண்மை. அந்தப் பக்கக் கையைச் சட்டையோடு சேர்த்து ஒரு ஊக்கு போட்டு, முழங்கையை மடக்கிய நிலையில் வைத்துக்கொள்வார்கள். அக்குளில் கை கொடுத்துத் தூக்கக் கூடாது. சட்டை போடும்போது முறிந்த பக்கக் கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது கடைசியில். இரண்டு மூன்று வாரத்தில் வலி போய்விடும், கட்டி மாதக்கணக்கில் கரையும், பிறகு படத்தில்கூட அடையாளம் இருக்காது. டாக்டர்கள் அதிகம் கவனிப்பது எலும்பை அல்ல, அதற்குப் பின்னால் கழுத்திலிருந்து கைக்கு ஓடும் நரம்புக் கொத்தை. அது இழுபட்டிருந்தால் கை துவண்டு, உள்பக்கமாகத் திரும்பித் தொங்கும். பெரும்பாலும் அதுவும் சரியாகிவிடும் என்றாலும் உடற்பயிற்சி வேண்டும், மாதக்கணக்கில் பின்தொடர வேண்டும். வலியால் அசைக்காத கையும் நரம்பு போய் அசையாத கையும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் என்பதால் வீட்டில் முடிவு செய்யும் விஷயம் இல்லை இது.

இந்த இடத்தில் உரம் பற்றிச் சொல்லியாக வேண்டும். தூக்கினால் அழுகிறது, ஒரு பக்கமாகவே தலையை வைத்திருக்கிறது, பால் குடிக்க மறுக்கிறது என்றால் “உரம் விழுந்திருக்கு” என்பார்கள். உரம் எடுக்கத் தெரிந்த அம்மா தெருவுக்கு ஒருவர் இருப்பார். முறத்தில் போட்டு மெல்ல உருட்டுவதும் உண்டு. புடவையின் இரண்டு முனையை இருவர் பிடித்துக்கொண்டு நடுவில் பிள்ளையை இப்படியும் அப்படியும் உருள விடுவதும் உண்டு. நான் இதைக் கேலி செய்ய மாட்டேன். பல பிள்ளைகள் அழுகை நிறுத்தித் தூங்குவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் முறிந்த காறை எலும்போடு இருக்கும் பிள்ளையும் இதே மாதிரிதான் அழும், இதே மாதிரிதான் தலையைச் சாய்க்கும். அதை எடுத்து உருட்டினால் என்ன ஆகும்? உரம் எடுப்பதற்கு முன் சட்டையைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். பிள்ளை திடுக்கிடும்போது இரண்டு கையும் சமமாக விரிகிறதா, ஒன்று மட்டும் கீழேயே கிடக்கிறதா? இரண்டு காறை எலும்பின் மேலும் விரலை வருடிப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் முறம் காத்திருக்கட்டும்.

எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவதைப் பற்றியும் அதேதான். காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலில் பிள்ளையைக் குப்புறப் போட்டு, வெந்நீர் ஊற்றித் தேய்க்கும் சாதாரணக் குளியலில் நிறைமாத ஆரோக்கியப் பிள்ளையின் எலும்பு முறியாது. கணுக்காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டு உதறுவது, கையையும் எதிர்க் காலையும் மூலைக்கு மூலை இழுத்து முட்ட வைப்பது போன்ற வித்தைகளைத்தான் விடச் சொல்கிறேன். எலும்பு நலிந்த பிள்ளை எது என்று வெளியில் பார்த்தால் தெரியாது.

காறை எலும்புக்கு அடுத்தது மேற்கை எலும்பு. அதற்கும் அடுத்து, அபூர்வமாக, தொடை எலும்பு. தொடை முறிவில் குடும்பங்கள் குழம்பும் ஒரு விஷயம் உண்டு. “ஆபரேஷன் பண்ணித்தானே எடுத்தாங்க, எப்படி முறியும்?” சிசேரியனிலும் முறியும். கர்ப்பப்பையில் போடும் திறப்பு சிறியது. பிள்ளை புட்டம் கீழே இருக்கும்படி உட்கார்ந்திருந்தால் இடுக்கில் விரல் கொடுத்து, காலைப் பிடித்து, திருப்பித்தான் எடுக்க வேண்டியிருக்கும். கட்டோ பட்டைகள் கொண்ட சேணமோ போட்டு மூன்று நான்கு வாரம் வைத்தால் போதும். கொஞ்சம் கோணலாகச் சேர்ந்தாலும் வளர வளர எலும்பு தன்னைத்தானே நிமிர்த்திக்கொள்ளும். பச்சைக் குழந்தைக்கு மட்டும் கிடைத்த சலுகை அது. நாட்டு வைத்தியரிடம் போய் மூங்கில் தப்பை வைத்து இறுக்கிக் கட்டிக்கொண்டு, விரல் நீலம் பாய்ந்து வருகிறவர்களை நினைத்தால்தான் வயிறு பற்றிக்கொண்டு வருகிறது. தானாகக் கூடப் போகிற எலும்புக்கு ரத்த ஓட்டத்தை நிறுத்துவானேன்?

மண்டையோட்டு முறிவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆயுதம் போட்ட பிரசவங்களில் மெல்லிய கோடாகவோ, அமுங்கிய குழியாகவோ வரலாம். இதில் ஒரு சிக்கல்: மண்டையோடு மற்ற எலும்புகள்போலப் புது எலும்பைத் திரட்டி ஆறுவதில்லை. ஆகவே பத்து நாள் கணக்கு அங்கே செல்லாது.

காறை எலும்பிலேயே ஒரு போலி உண்டு. படத்தில் நடுவில் இடைவெளி தெரியும், ஆனால் வலி இருக்காது. வாரங்கள் போனாலும் புது எலும்பும் வராது. கருவிலேயே இரண்டு துண்டாக உருவாகி ஒட்டாமல் விட்டுப்போன எலும்பு அது. கிட்டத்தட்ட எப்போதும் வலது பக்கத்தில்தான் வரும். இதயம் வலது பக்கம் அமைந்தவர்களுக்கு மட்டும் இடது பக்கத்தில் வரும் என்று ஒரு ரேடியாலஜி டாக்டர் சொன்னபோது நான் நம்பவில்லை. பிறகு புத்தகத்தில் காட்டினார்.

பிறந்த அன்று எடுத்த படத்திலேயே புது எலும்பு திரண்டிருந்தால்? அப்போது ‘எப்போது’ என்ற கேள்வியின் பதில் இன்னும் பின்னால் போகிறது. முறிவு வயிற்றுக்குள்ளேயே நடந்திருக்கிறது. லேபர் வார்டில் யாரும் இழுக்கவில்லை, பாட்டி தொடவே இல்லை.

பச்சிளம் குழந்தைகள் பிரிவுக்கு நடமாடும் எக்ஸ்ரே மெஷினைத் தள்ளிக்கொண்டு போனபோது அப்படி ஒரு பிள்ளையை எடுத்தேன். தொடை இரண்டும் குட்டையாக, வில்லாக வளைந்திருந்தன. விலா எலும்புகளில் ஆறிய முறிவுகள், ஆறாத முறிவுகள், பாதி ஆறியவை எல்லாம் ஒரே படத்தில். ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பெர்ஃபெக்டா என்று பெயர். எலும்பு நொறுங்கும் நோய் என்று சொல்லலாம். எலும்பில் சுண்ணாம்புச் சத்து மட்டும் இல்லை. அதைத் தாங்கிப் பிடிக்கும் கொலாஜன் என்ற புரத இழையும் இருக்கிறது. அந்த இழை பழுதானாலோ குறைந்தாலோ எலும்பு கம்பி கட்டாமல் போட்ட கான்கிரீட்டாகிவிடும். ஏறத்தாழ 15,000 முதல் 20,000 பிறப்புக்கு ஒன்று. டேவிட் சிலன்ஸ் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் 1979இல் இதை நான்கு வகையாகப் பிரித்தார். இன்றைக்கும் டாக்டர்கள் அந்த எண்களைச் சொல்லித்தான் பேசிக்கொள்கிறார்கள். முதல் வகை லேசானது, கண்ணின் வெள்ளைப் பகுதி நீலம் பாய்ந்திருக்கும், நடக்க ஆரம்பித்த பிறகே முறிவுகள் தொடங்கலாம். இரண்டாம் வகையில் பிள்ளை பெரும்பாலும் தங்குவதில்லை. பழைய நோய்தான் இது. சுமார் 3,000 ஆண்டுக்கு முந்தைய எகிப்தியக் குழந்தை மம்மி ஒன்றில் இதன் அடையாளங்கள் இருக்கின்றன. அது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அந்தப் பிள்ளையின் அப்பா டாக்டரிடம் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. “நாங்க சொந்தத்துல கட்டுனோம் சார். அதனாலயா?” அவர் மனைவி அவருக்கு அக்கா மகள். தமிழ்நாட்டில் இது அபூர்வக் கேள்வி இல்லை. தேசிய குடும்ப நல ஆய்வின்படி இங்கே நான்கில் ஒரு பங்குக்கும் மேலான திருமணங்கள் ரத்த உறவுக்குள் நடப்பவை. டாக்டர் நிதானமாகத்தான் பதில் சொன்னார். உலகளவில் இந்த நோயின் பெரும்பகுதி ஒரே ஒரு மரபணு நகல் கெட்டாலே வருவது. அது பெரும்பாலும் பிள்ளையிடம் புதிதாக நேர்ந்த மாற்றமாக இருக்கும். அப்பா அம்மா யாரோடு யார் என்பதற்கு அதில் வேலை இல்லை. சொந்தத்தில் முடித்தவர்களிடம் இரண்டு நகலும் கெட்டு வரும் வகைகள் கூடுதல். அப்படியானால் அடுத்த பிள்ளைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு. எது என்று மரபணுப் பரிசோதனை செய்தால்தான் தெரியும். “ஊகத்துல ஒருத்தர ஒருத்தர் குத்தம் சொல்லிக்காதீங்க” என்றார். அடுத்த கர்ப்பத்தில் ஐந்தாம் மாத ஸ்கேனில் தொடை எலும்பைக் குறிப்பாகப் பார்க்கச் சொன்னார்.

இந்த நோயோடு தங்கும் பிள்ளைகளுக்கு இப்போது பாமிட்ரோனேட், ஜோலெட்ரானிக் ஆசிட் போன்ற மருந்துகளை இடைவெளி விட்டு ஊசி வழியாக ஏற்றுகிறார்கள். மான்ட்ரியலில் பிரான்சிஸ் குளோரியூவின் குழு 1998இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகுதான் அது பரவலானது. நோயை அது போக்காது. எலும்பின் அடர்த்தியைக் கூட்டும். வீட்டில் கற்றுக்கொள்ள வேண்டியது வேறு. துணி மாற்றும்போது கணுக்காலைப் பிடித்துத் தூக்கவே கூடாது; புட்டத்துக்கு அடியில் உள்ளங்கையை விரித்துக் கொடுத்துத் தூக்க வேண்டும். ஒரு நர்ஸ் அந்த அம்மாவுக்கு இதை ஒரு பொம்மையை வைத்துத் திரும்பத் திரும்பச் செய்து காட்டினார்.

குறைமாதத்தில் பிறந்த பிள்ளைகளின் கதை வேறு. வயிற்றில் இருக்கும் பிள்ளை எலும்புக்கு வேண்டிய கால்சியம், பாஸ்பரஸில் சுமார் 80 சதவீதத்தைக் கடைசி மூன்று மாதத்தில்தான் அம்மாவிடமிருந்து வாங்கிக்கொள்கிறது. ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டால் கிடங்கு நிரம்பாமலே கதவு சாத்தியாகிவிட்டது என்று அர்த்தம். அதோடு வயிற்றுக்குள் உதைத்து உதைத்துத்தான் எலும்பு பலப்படும். இன்குபேட்டரில் குழாய்களோடு அசையாமல் கிடக்கும் பிள்ளைக்கு அந்த உதை கிடையாது. வாரக்கணக்கில் நரம்பு வழியே சத்து ஏற்றியது, நுரையீரலுக்காகக் கொடுத்த நீர் பிரிக்கும் மருந்து, ஸ்டீராய்டு எல்லாம் சேர்ந்து எலும்பு இன்னும் மெலியும். பிறந்து ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள்தான் இது உச்சத்துக்குப் போகும். நுரையீரலைப் பார்க்க எடுத்த படத்தில் விலா முறிவு தற்செயலாகத் தென்படுவது வழக்கம். யாரும் எதுவும் செய்திருக்க மாட்டார்கள். ஊசி போடக் கையைப் பிடித்ததே அதற்குப் போதும்.

இதில் அம்மாக்கள் அதிகம் காயப்படுவது, தாய்ப்பாலில் ஒரு பொடியைக் கலந்து கொடுக்கச் சொல்லும்போது. “என் பால்ல சத்து இல்லையா சிஸ்டர்?” நிறைமாதப் பிள்ளைக்கு அந்தப் பால் தாராளம். ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவான பிள்ளைக்கு எலும்பு கட்டும் வேகத்துக்கு எந்த அம்மாவின் பாலிலும் பாஸ்பரஸ் பற்றாது. அதைப் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் சொல்ல வேண்டும். பொடிப் பாக்கெட்டைக் கையில் திணித்துவிட்டுப் போவதில் புண்ணியமில்லை.

வைட்டமின் டி விஷயத்துக்கு வருகிறேன். வருடம் முழுக்க வெயில் கொளுத்தும் ஊரில் குறைபாடா என்று சிரிப்பார்கள். வெயில் இருக்கிறது, கர்ப்பிணிகள் வெயிலில் இல்லை. அம்மாவுக்குக் குறைபாடு கடுமையாக இருந்தால் பிள்ளை குறைவான இருப்போடுதான் பிறக்கும். அதனால் வலிப்பு வரலாம். மிக அபூர்வமாக எலும்பு நலிந்து முறிவும் வரலாம். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கு தினமும் 400 யூனிட் சொட்டு மருந்து முதல் வருடம் முழுக்க என்பது குழந்தைகள் மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. கடையில் ஒரு மில்லிக்கு 400 யூனிட் இருக்கும் பாட்டிலும் இருக்கிறது, 800 இருக்கும் பாட்டிலும் இருக்கிறது. பெயர் மாறினால் அளவும் மாறும், லேபிளைப் படியுங்கள். கர்ப்பிணிகளுக்குச் சுகாதார நிலையத்தில் கொடுக்கும் கால்சியம் மாத்திரையை இரும்புச் சத்து மாத்திரையோடு ஒன்றாக விழுங்காதீர்கள், ஒன்றை ஒன்று ஏறவிடாது. பாதிப் பேர் அந்தக் கால்சியம் மாத்திரையை பீரோவில் வைத்துவிட்டுப் பிரசவத்துக்கு வருகிறார்கள் என்பது என் எரிச்சல்.

இன்னும் சில உண்டு. குறைமாதப் பிரசவத்தைத் தள்ளிப்போட மெக்னீசியம் சல்பேட்டை ஐந்து முதல் ஏழு நாளுக்கு மேல் தொடர்ந்து ஏற்றினால் வயிற்றுப் பிள்ளையின் எலும்பு பாதிக்கும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013இல் எச்சரித்தது. அம்மாவுக்கு சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய் இருந்து கவனிக்காமல் விட்டால் பிள்ளையின் எலும்பு முனைகள் அரித்து, வலியால் கையைத் தூக்காமலே இருக்கும். கர்ப்பத்தில் எடுக்கும் விடிஆர்எல் பரிசோதனை இதற்கும்தான். வயிற்றில் அசைவே குறைவாக இருந்த, தசை நோய் உள்ள பிள்ளைகளுக்கு எலும்பு மெலிந்தே இருக்கும்.

இத்தனையையும் ஒதுக்கிப் பார்த்த பிறகும் சில படங்கள் மிச்சம் இருக்கும். மூன்று வாரம் தாண்டிய ஓர் ஆண் குழந்தை, தொடை வீங்கியிருந்தது. “பொறந்தப்பவே அப்படித்தான் இருந்துச்சு” என்றார்கள். படத்தில் முறிவு பளிச்சென்று இருந்தது. புது எலும்பு துளிகூட இல்லை. பிரசவத்தில் முறிந்த நீள எலும்பு பதினோரு நாளாகியும் புது எலும்பு காட்டாமல் இருக்காது. மூன்று வாரத்தில் எதுவுமே இல்லையென்றால் அது பிரசவ முறிவல்ல. டாக்டர் உடம்பு முழுக்கத் தனித்தனிப் படங்கள் கேட்டார். முதுகுப் பக்கம், முதுகெலும்போடு சேரும் இடத்தில், இரண்டு விலா எலும்புகளில் ஆறிக்கொண்டிருக்கும் முறிவுகள். நெஞ்சைச் சுற்றி இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து அமுக்கும்போது முறியும் இடம் அது. அதன்பிறகு நடந்தது என் அறைக்கு வெளியே. போலீஸ் குறிப்பு எழுதப்பட்டது, குழந்தைகள் நலக் குழுவிலிருந்து ஆள் வந்தார். முடிவு என்ன ஆனதென்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லும் வழக்கமும் இல்லை.

பச்சைக் குழந்தையை வீட்டாரே அடித்துக் காயப்படுத்துவதை உலகுக்கு முதலில் காட்டியதே எக்ஸ்ரேதான் என்பதில் எனக்குக் கொஞ்சம் தொழில் பெருமை உண்டு. நியூயார்க்கின் ஜான் காஃபி 1946இல் ஆறு குழந்தைகளைப் பற்றி எழுதினார். மூளையைச் சுற்றி ரத்தக் கசிவு. கூடவே கை கால் எலும்புகளில் முறிவுகள். எப்படி ஏற்பட்டன என்று வீட்டாரிடம் விளக்கம் இல்லை. பெற்றோர்தான் செய்தார்கள் என்று அவர் அடித்துச் சொல்லவில்லை. அதைப் பெயர் வைத்துச் சொன்னது 1962இல், டென்வரின் ஹென்றி கெம்ப்பும் அவர் குழுவும்.

பெண்டுலம் எதிர்ப்பக்கமும் ஆடியிருக்கிறது. ஸ்காட்லாந்தின் காலின் பேட்டர்சன், சில குழந்தைகளுக்குத் தற்காலிகமாக எலும்பு நொறுங்கும் தன்மை வந்து தானே போய்விடும் என்ற கருத்தோடு பல வழக்குகளில் பெற்றோருக்காகச் சாட்சி சொன்னார். மருத்துவ உலகம் அதை ஏற்கவில்லை. 2004இல் பிரிட்டனின் மருத்துவக் கவுன்சில் அவர் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கியது. அப்பாவிப் பெற்றோர் சிக்குவதே இல்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஒரு முறிவை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதினால் சிக்குவார்கள். ரத்தத்தில் கால்சியம், பாஸ்பரஸ், வைட்டமின் டி, தேவைப்பட்டால் மரபணு, கண் பரிசோதனை, இரண்டு வாரம் கழித்து மறுபடியும் படங்கள் என்று பொறுமையாகப் போவது இரண்டு பக்கத்தையும் காப்பாற்றும்.

என் தரப்பில் ஒரு குறை. பல சீட்டுகளில் ‘பேபிகிராம்’ என்று எழுதி அனுப்புகிறார்கள். தலை முதல் கால் வரை மொத்தப் பிள்ளையும் ஒரே படத்தில். நேரமும் படமும் மிச்சம். ஆனால் ஒவ்வொரு எலும்புக்கும் கோணம் வேறு, கதிர் அளவு வேறு. முழங்கால் பக்கத்து எலும்பு முனையில் உள்ள மயிரிழை முறிவும் விலா எலும்பின் பின்பக்க முறிவும் அதில் தொலைந்துபோகும். சந்தேகம் என்று வந்துவிட்டால் பகுதி பகுதியாகத்தான் எடுக்க வேண்டும். நான் சண்டை போட்டு எடுப்பேன். வரிசையில் நிற்கிறவர்கள் என்னைத் திட்டுவார்கள்.

அப்புறம், முதல் படத்தைத் தூக்கிப் போடாதீர்கள். இப்போதெல்லாம் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். திரையின் வெளிச்சம் பட்டுப் பாதி எலும்பு தெரியாது, மூலையில் இருக்கும் தேதி வெட்டுப்பட்டிருக்கும். இரண்டாம் முறை வேறு மருத்துவமனைக்குப் போகும்போது டாக்டர் முதலில் கேட்பது அந்தத் தேதியைத்தான். பிள்ளையின் பெயர், பிறந்த நாள், படம் எடுத்த நாள், வலது இடது அடையாளம் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பெயர் வைக்காத பிள்ளையென்றால் அம்மா பெயரில் இருக்கும். இல்லையென்றால் கவுன்டரில் கேளுங்கள், கணினியில் இருக்கும் வரை மறுபடி எடுத்துத் தருவோம்.